தடிக்கம்பிக்கு ட்யூனர் எடுத்த கதை

தோணித்துறையில் மாதா திருவிழாவுக்கு இருபத்தோரு நாள் இருக்கும்போது, ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் இஞ்ஞாசியின் பாஸ் கிடாரில் இருந்த நான்கு கம்பிகளில் ஆகத் தடித்த கம்பியின் சத்தம், காலைக் கோயில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே அவன் வீட்டை விட்டு இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டு கஸ்பாரின் தண்ணீர் டிரம்முக்குள் போய்க் குடியேறிவிட்டது. கம்பி இஞ்ஞாசியின் மடியில்தான் இருந்தது, அவன் விரலுக்குக் கீழேதான் ஆடியது, ஆனால் மீட்டினால் தூம் என்று கேட்டது கஸ்பாரின் டிரம்மில். பல் தேய்த்துக்கொண்டிருந்த கஸ்பார் வாயில் நுரையோடு வெளியே வந்து, "ஏல இஞ்ஞாசி, ஒன் சத்தம் இங்கன கெடக்கு, வந்து எடுத்துட்டுப் போ" என்றார். இஞ்ஞாசி வந்து டிரம்முக்குள் எட்டிப் பார்த்தான். தண்ணீர் இருந்தது. திரும்பிப் போய் இன்னொரு தடவை மீட்டினான், தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும்பியது, கஸ்பார் வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

இஞ்ஞாசியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அவனே அதிகம் சொல்ல மாட்டான். வயது நாற்பத்தொன்று. நாலு அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்தவன். அந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசக்கூடியவர்கள், ஆகையால் இவனுக்குப் பேச முறை வரவே இல்லை, வராமலே பழகியும் போயிற்று. கலியாணம் ஆகவில்லை, மூத்த அண்ணன் வீட்டு மாடியறையில் இருக்கிறான். பகலெல்லாம் ஐஸ் கம்பெனியில் பாளம் உடைக்கும் மெஷின் பக்கத்தில் நிற்கிறான், அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமையானால் கோயிலில் பாடகர் குழுவோடு பாஸ் கிடார் வாசிக்கிறான். வாரம் முழுக்க அவன் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் வெளியே வரும். பாஸ் கிடாரை யாரும் தனியாகக் கவனித்துக் கேட்பதில்லை, ஆனால் அது நின்றால், பாட்டு ஏன் திடீரென்று இளைத்துப்போயிற்று என்று முன் வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் சொல்லும் நான் பர்னபாஸ், அதே தெருவில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக இந்த ஊரின் கலியாணத்துக்கும் கருமாதிக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் சத்தம் கொடுப்பவன் நான்தான். சத்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று அன்று வரைக்கும் ஊரும் நம்பியது, நானும் நம்பினேன். நான்தான் முதலில் கம்பியை மாற்றச் சொன்னேன். புதுக்கம்பி போட்டோம். புதுக்கம்பியின் சத்தமும் பழைய சத்தம் போன வழியே போயிற்று. கிடாரைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கே போய் மீட்டிப் பார்த்தோம், அப்போதும் கஸ்பார் வீட்டில்தான் கேட்டது என்று கஸ்பாரின் மனைவி போன் பண்ணிச் சொன்னாள். மற்ற மூன்று கம்பிகளும் நல்ல பிள்ளைகளாக வீட்டோடு இருந்தன.

மறுநாள் கோயில் மணிக்கு அது கஸ்பார் வீட்டை விட்டுக் கிளம்பி அடுத்த வீட்டுத் தையல் மெஷினுக்குப் போனது. அதற்கு மறுநாள், அடுத்த வீட்டைத் தாண்டி மூலைவீட்டு ஆட்டுரலுக்குப் போனது. ஏன் ஒரு வீட்டைத் தாண்டியது என்று தெருவே குழம்பியபோது இஞ்ஞாசியின் மூத்த அண்ணன் மனைவி டெல்ஃபின் மயினிதான் கண்டுபிடித்தாள். அவள் மாதா சபைக்குத் தலைவி. வருஷா வருஷம் அக்டோபர் மாதம் மாதா சுரூபம், அதாவது சிலை, எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு நாள் தங்கும். எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு என்ற பட்டியல், யார் யாரோடு பேசுவதில்லை என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துப் போட்டது, மயினியின் நோட்டில் இருக்கிறது. கம்பியின் சத்தம் அந்த நோட்டில் உள்ளபடியே போய்க்கொண்டிருந்தது. இது தெரிந்ததும் தெருவுக்குப் பெரிய நிம்மதி. எந்த நாள் யார் வீட்டுக்கு வரும் என்று தெரிந்துவிட்டால் பிறகு அதில் பயப்பட என்ன இருக்கிறது, வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைக்க வேண்டியதுதானே.

நிம்மதி இல்லாதவர் ஒருவர், பாடகர் குழு நடத்தும் ரெமிஜியுஸ் மாஸ்டர். திருவிழாப் பூசையின் முதல் பாட்டு அந்தத் தடிக்கம்பியை விரலால் அமுக்காமல் திறந்து விட்டு மீட்டுகிற சுரத்தில்தான் ஆரம்பிக்கும். அதுவரை இஞ்ஞாசி கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கிக் கேட்டுத்தான் கம்பியை முறுக்கிச் சேர்ப்பான். இப்போது கீபோர்டு ஒரு வீட்டில், கம்பியின் சத்தம் இன்னொரு வீட்டில். போதாததற்கு, அந்தச் சத்தம் போகிற ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டு வாகுக்கு மாறியது. காலையிலேயே சண்டை தொடங்கும் வீட்டில் கால் சுரம் ஏறி நின்றது, சாப்பிட்டதும் எல்லாரும் படுத்துவிடும் வீட்டில் தொங்கிப் போயிற்று.

"இங்க பாரு இஞ்ஞாசி," என்றார் மாஸ்டர், "காதால சேக்கதெல்லாம் இனி ஆவாது. எலக்ட்ரானிக் ட்யூனர் ஒண்ணு வாங்கு. திருவிழாக் காலையில நான் கை தூக்கும்போது அந்தச் சொரம் சுத்தமா இருக்கணும். இல்லேன்னா பாஸை ஜெனிட்டோ கீபோர்டுல எடது கையாலயே வாசிச்சிருவான். இந்த வருசத்துக்கு மட்டுமில்ல, எப்பவும் அவன்தான்."

ஜெனிட்டோ அங்கேதான் நின்றான். கெட்டவன் இல்லை, ஆனால் புதுக் கீபோர்டு வாங்கியதிலிருந்து தன் கீபோர்டில் என்னென்ன வரும் என்று வழியில் போகிறவரை நிறுத்திச் சொல்லுகிறவன். "பாஸு, தபேலா, வயலின் எல்லாம் இதுலயே வரும் மாஸ்டர்" என்றான்.  வெளியே வந்ததும் இஞ்ஞாசி என் சட்டைக் கையைப் பிடித்து, "அண்ணே, அதையும் எடுத்துட்டா எனக்கு வேற என்ன இருக்கு?" என்றான். அவன் என்னிடம் பேசிய வாக்கியங்களில் அதுதான் நீளமானது. அடுத்த பஸ்ஸில் அவனைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனேன்.

ஜெய்லானி பாய் கடையில் கிடார் சாமான் எல்லாம் கிடைக்கும். நாங்கள் விஷயத்தைச் சொன்னோம். கம்பி ஒரு வீட்டில், சத்தம் இன்னொரு வீட்டில் என்றதும், பக்கத்து ஊரில் மின்சாரம் இல்லை என்று கேட்டதைப் போலத் தலையாட்டிவிட்டு, மூன்று ட்யூனர்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது காலால மிதிக்கிற பெட்டி," என்றார் முதலாவதைக் காட்டி. "கிடார்லருந்து ஒயர் இதுக்குள்ள வந்து ஆம்பிளிபயருக்குப் போவும். ஒரு மிதி மிதிச்சா வெளிய சத்தம் நின்னுரும், ஜனங்களுக்குத் தெரியாமச் சேத்துக்கிடலாம். இது மைக்கு வச்ச பெட்டி, காத்துல வாற சத்தத்தக் கேட்டு முள்ளு காட்டும். இது கிளிப்பு, கிடார் தலையில மாட்டுனா மரம் அதிர்றத வச்சிச் சொல்லும், சரியா நின்னா பச்சையா எரியும். ஆனா பாஸுக்குன்னா ஒண்ணு பாக்கணும். அந்தத் தடிக்கம்பி நொடிக்கு நாப்பத்தோரு தடவதான் ஆடுது. அவ்வளவு கீழ எறங்கிக் கேக்குற காது எல்லா ட்யூனருக்கும் கெடையாது. வாங்கும்போது மத்த கம்பிய வச்சிப் பாக்காதிய, தடிக்கம்பிய வச்சிப் பாருங்க."

"தடிக்கம்பி சத்தம் இன்னைக்கு மூலவீட்டு ஆட்டுரல்ல இருக்கு பாய்" என்றேன்.

"அப்போ மூணையும் கொண்டு போங்க. எது ஒத்துவருதோ வச்சிக்கிட்டு மத்தத திருப்பித் தாங்க."

காலால் மிதிக்கும் பெட்டி முதல் நாளே தோற்றது. ஒயரில் சத்தமே வராதபோது அது எதைக் கேட்கும், ஒரு கோடு காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. கிளிப்பைக் கிடார் தலையில் மாட்டினோம். கம்பி கண்ணுக்குத் தெரிய ஆடியது, ஆனால் அந்த ஆட்டம் மரத்துக்குத் தெரியவில்லை, கிளிப்பின் கண்ணாடி இருட்டாகவே இருந்தது. ஆக மிச்சம் மைக் வைத்த பெட்டி. அதைச் சத்தம் தங்கியிருக்கும் வீட்டில் கொண்டுபோய் வைத்தால் அது கேட்டு முள் காட்டும், காட்டுவதை ஒருவர் பார்த்துச் சொன்னால் இஞ்ஞாசி தன் வீட்டில் முறுக்குவான். இதுதான் என்று நான் அடித்துச் சொன்னேன். இருபத்தாறு வருஷம் மைக்கைக் கையில் பிடித்தவன் சொன்னால் யார் மறுப்பார்கள். மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று இஞ்ஞாசியிடம் சொன்னேன், அவன் பாயிடம் போய் வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு அலமாரியில் வைத்துவிட்டான்.

அப்படியாக எங்கள் தெரு ஒரு ட்யூனரைச் சுற்றி வாழக் கற்றுக்கொண்டது. காலை மணி அடித்ததும் டெல்ஃபின் மயினி தாம்பாளத்தில் மைக் பெட்டியை வைத்து, நேற்றைய வீட்டிலிருந்து இன்றைய வீட்டுக்கு எடுத்துப் போவாள், பின்னால் பத்துப் பேர் போவார்கள், மாதாவுக்கு என்ன வழக்கமோ அதே வழக்கம். கொடுக்கிற வீட்டார் வாசல் வரை வருவார்கள், வாங்குகிற வீட்டார் மெழுகுதிரியோடு நிற்பார்கள், ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லி முடித்ததும் காப்பியும் மக்ரூனும் வரும். பிறகு தெருவே அடங்கும். மிக்ஸி நிற்கும், டிவி நிற்கும், மீன்காரி முனையிலேயே நின்று விரலை உதட்டில் வைத்துக்கொள்வாள், கோழிகளைக் கூடையால் மூடுவார்கள். இஞ்ஞாசி மாடியில் உட்கார்ந்து கிடார் கழுத்தின் பன்னிரண்டாம் கட்டத்தில், சுரம் தெளிவாக விழ, விரலை லேசாக வைத்து மீட்டுவான். முள்ளைப் பார்ப்பவர் வாசலில் நிற்பவரிடம் சொல்ல, அவர் அடுத்த வாசலுக்குச் சொல்ல, "ஏத்து", "இன்னும் ஏத்து", "கூடிப்போச்சு, ஒரு பொட்டு எறக்கு" என்று அந்தச் சொல் வாசல் வாசலாக நடந்து மாடிக்குப் போகும். போனில் சொல்லிவிடலாமே என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார். சொல்லலாம். போனில் ஒருத்தர்தான் சொல்ல முடியும், எங்களுக்கு எல்லாருக்கும் சொல்ல ஆசை.

சத்தம் தங்குகிற அன்று அந்தந்த வீட்டில் சின்னச் சின்ன நன்மைகள் நடந்தன. ஒரு வீட்டில் கைக்குழந்தை ஒரு மாதத்தில் முதல் தடவையாகப் பகலில் தூங்கியது. பல்வலிக்காரர் ஒருவர் தையல் மெஷினில் கன்னத்தை வைத்துப் படுத்து வலி போயிற்று என்றார். எட்டாம் வீட்டில் இறுகிக் கிடந்த ஊறுகாய்ப் பரணி மூடி தானாகத் திறந்துகொண்டது. இதை மாதா செய்த புதுமை, அற்புதம் என்று அறிவிக்கலாமா என்று மயினி கோயில் பங்குச்சாமியைப் போய்க் கேட்டாள். அவர் நிதானமானவர். "புதுமைன்னு சொன்னா ஆயர் ஆபீஸ்லருந்து ஆளு வந்து கேள்வி கேப்பாங்க மயினி. பாட்டுப் பயிற்சின்னு சொல்லுங்க, யாரும் வரமாட்டாங்க" என்றார். யாரும் வரவில்லை, அடுத்த தெருக்காரர்கள் மட்டும் பொறாமையில் எங்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

பதினோராம் நாள் என் வீடு. என் வீட்டில் சத்தத்துக்கென்றே செய்த பெட்டிகள் எட்டு இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஆள் உயரம். முந்தின நாளே எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக நிறுத்தினேன். அது அவற்றைத் திரும்பியும் பார்க்காமல் அடுக்களைக்குப் போய்ச் சோற்றுப்பானை மூடியில் உட்கார்ந்துகொண்டது. என் மனைவிக்கு அன்று முழுக்கச் சிரிப்பு. நான் பெரிய மனதோடு எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அன்று நான் வீட்டில் சாப்பிடவில்லை.

பதிமூன்றாம் நாள் கொடியேற்றம். அன்றைக்குத்தான் என் புத்தியின் லட்சணம் ஊருக்குத் தெரிந்தது. கொடியேறினால் பத்து நாளைக்குத் தெரு முழுக்க என் ஒலிபெருக்கிகள் பாடும், அது மாதாவுக்கு நேர்ந்துகொண்ட நேர்ச்சை, நிறுத்த முடியாது. அன்று காலை மைக் பெட்டி கேட்டது தடிக்கம்பியை அல்ல, என் ஒலிபெருக்கியை. முள் இங்கும் அங்கும் பாய்ந்தது. ஒரு தடவை நின்றதே என்று இஞ்ஞாசியை அரைச் சுற்று முறுக்க வைத்தோம், பார்த்தால் அது திருவிழா வெடிக்காரனின் பைக் ஹார்ன். மாலைப் பயிற்சியில் மாஸ்டர் ஜெனிட்டோவைப் பார்த்துத் தலையசைத்தார், ஜெனிட்டோ இடது கையால் தும் தும் என்று வாசித்துக் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். இஞ்ஞாசி கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டு மாடியேறிவிட்டான்.

பதினான்காம் நாள் சத்தம் வந்த வீட்டில் அது இட்லிக் கொப்பரையில் இருந்தது. மைக் பெட்டி முந்தின நாளைப்போலவே ஒலிபெருக்கிக்கு ஆடிக்கொண்டிருக்க, டெல்ஃபின் மயினி தாம்பாளத்தில் மூன்று ட்யூனரையும் கொண்டுவந்திருந்தாள், பாயிடம் திருப்பி அனுப்புவதற்காக. கிளிப்பை எங்காவது தொலைத்துவிடப் போகிறோம் என்று, துணிக்குப் போடும் கிளிப்பைப் போடுவதுபோல, அதைக் கொப்பரை விளிம்பில் மாட்டினாள். அப்போது மாடியில் இஞ்ஞாசி, மீட்டாதே என்று யாரும் சொல்லாததால், மீட்டினான். கொப்பரை நடுங்கியது. கிளிப்பின் கண்ணாடி விழித்துக்கொண்டு சுரத்தின் பெயரைக் காட்டியது, கீழே கோடு சற்று இடது பக்கம் நின்றது. வெளியே என் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது, அதைக் கிளிப் சட்டை செய்யவே இல்லை.

"கொறையுது, ஏத்தச் சொல்லு" என்றாள் மயினி, ஒன்றும் நடக்காத குரலில். சொல் வாசல் வாசலாகப் போயிற்று. கோடு நடுவுக்கு வந்தது, கண்ணாடி முழுக்கப் பச்சையாக எரிந்தது.

பாஸ் கிடாருக்கு ட்யூனர் எடுக்கிறவர்களுக்கு அன்றிலிருந்து நான் சொல்லுவது இதுதான்: சுற்றிலும் சத்தம் இருக்கிற இடத்தில் காற்றைக் கேட்கிறதை வாங்காதே, தொட்டுக் கேட்கிறதை வாங்கு. இதைக் கண்டுபிடித்தது மயினி என்று சொல்லுவதில்லை. மைக் பெட்டியும் மிதிபெட்டியும் அன்றே பாய் கடைக்குத் திரும்பின. கிளிப்பை இப்போது சுரூபத்தைப் போலவே பார்த்துக்கொண்டார்கள். வந்த வீட்டில் பூச்சாடிகளுக்கு நடுவில் வைத்தார்கள், அதன் விளக்கை அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை. மாதா தங்கியிருக்கும்போது விளக்கை அணைப்போமா. அணைக்காமல் விட்டால் தானே அணையும் வகை அல்ல அது, நான் பார்த்தேன், சொல்லவில்லை. அது என் இரண்டாவது தவறு.

திருவிழா நாள் யார் வீடு என்று மயினி நோட்டைப் புரட்டினாள். இருபத்திரண்டாவது பெயர், ஜெனிட்டோ வீடு.

தெருவில் எல்லாரும் இதைத்தான் நினைத்தார்கள். இஞ்ஞாசி சோறு இறங்காமல் இளைத்தான். சத்தம் எங்கே இருந்தாலும் கோயிலுக்குக் கொண்டுவருவது என் பாடு. ஜெனிட்டோ வீட்டிலிருந்து கோயில் வரை நானூறு அடி ஒயர் இழுத்து, வீட்டில் ஒரு மைக்கை நிறுத்திவிடலாம். ஆனால் அந்த வீட்டில் ட்யூனரைப் பார்த்துச் சொல்லப்போவது ஜெனிட்டோவின் மனைவி மெற்றில்டா. அவள் ஒரு பொட்டுக் கூட்டிச் சொன்னால் போதும், இஞ்ஞாசியின் கதை அதோடு முடிந்தது. நான் அந்த வீட்டை நம்பவில்லை, ஒளிக்காமல் சொல்லுகிறேன்.

முந்தின நாள் மாலையே கிளிப்பை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். மெற்றில்டா வீட்டை மெழுகி, இரண்டு திரி ஏற்றி, கிளிப்பை இரும்புப் பீரோமேல் பூவுக்கு நடுவில் வைத்தாள். விளக்கு எரிந்தபடியே இருந்தது.

திருவிழாக் காலை ஏழு மணிக்குக் கோயில் நிறைந்து முற்றத்திலும் ஜனம். பாடகர் குழு புதுச் சட்டையில் நின்றது. நான் தூணோரம் மிக்ஸர் முன்னால். காலை மணிக்கே தடிக்கம்பியின் சத்தம் அந்தப் பீரோவுக்குள் வந்துவிட்டது என்று என் ஹெட்போனில் கேட்டது, வந்து தொங்கிப்போய்க் கிடந்தது என்பதும் கேட்டது. மெற்றில்டா போன் பண்ணினாள். அழுதாள். "அண்ணே, கிளிப்பு எரியல. ராவெல்லாம் நல்லா எரிஞ்சிச்சு, காலையில பாத்தா செத்துக் கெடக்கு. நான் ஒண்ணும் பண்ணலண்ணே."

நான் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "திருவிழா அன்னைக்கு பேட்டரிக்கு எந்தக் கட தொறந்திருக்கும்? சரி ஜெனிட்டோ, எடது கையில நீயே பாத்துக்க."  இஞ்ஞாசி கிடாரின் பட்டையைத் தோளிலிருந்து கழற்றினான். அவன் அதைக் கழற்றிய விதத்தை நான் பார்த்தேன், ஜெனிட்டோவும் பார்த்தான்.

ஜெனிட்டோ இடது கையைக் கட்டைமேல் வைத்தான், எடுத்தான். பிறகு எழுந்து சாமியார் உடுப்பு மாற்றும் அறைக்குள் போனான். பாதி உடுப்பில் நின்ற பங்குச்சாமியிடம், "சாமி, ஒங்க கார்ச் சாவியக் குடுங்க, அதுக்குள்ள அந்த வட்ட பேட்டரி இருக்கும்லா" என்றானாம். "கார் இன்னைக்கு எங்கயும் போகாது, எடுத்துக்க" என்றாராம் அவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புதுச் சட்டையோடு கூட்டத்தை விலக்கி அவன் ஓடியதை முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

நாலு நிமிஷத்தில் என் போன் அடித்தது. "மாட்டிட்டேன். பீரோக் கைப்பிடியில மாட்டியிருக்கேன். மீட்டச் சொல்லுங்க." நான் இஞ்ஞாசிக்குக் கை காட்டினேன். அவன் பட்டையை மறுபடி தோளில் போட்டு மீட்டினான்.

"கொறையுது. ஏத்தச் சொல்லுங்கண்ணே. இன்னும். இன்னும் கொஞ்சம். ஐயோ கூடிட்டு, பொட்டுப்போல எறக்கு." நான் கட்டைவிரலை மேலே காட்டினேன், கீழே காட்டினேன், இஞ்ஞாசி என் விரலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நில்லு. பச்ச. பச்சண்ணே." என் காதிலும் அது சுத்தமாகத்தான் விழுந்தது. ஆனால் பின்னாலேயே கிர்ரென்று ஒரு இரைச்சலும் வந்தது.

"ஜெனிட்டோ, அது என்னடே இரைச்சல்?"

"பீரோக் கதவு அதிருது. இருங்க, புடிக்கேன்." இரைச்சல் நின்றது. "விட்டா அதிருதுண்ணே. மெற்றில்டா புடிச்சா நிக்கல."

"நீ இங்க வரணும்ல, மணியடிக்கப் போறாங்க."

போனில் கதவு ஒரு தடவை கிர்ரென்று அதிர்ந்து அடங்கியது. "நான் விட்டா அவன் பாட்டு போயிரும். நீங்க ஆரம்பிங்க" என்றான்.

மணி அடித்தது. சிலுவை முன்னால் வர, சாம்பிராணிப் புகையோடு பவனி நடுக்கோயிலுக்கு வந்துவிட்டது. ரெமிஜியுஸ் மாஸ்டர் கையைத் தூக்கி, பழக்கத்தில் கீபோர்டுப் பக்கம் திரும்பினார், அங்கே வெறும் நாற்காலி. தூக்கிய கை அப்படியே நின்றது. இரண்டாயிரம் பேர் காத்திருந்தார்கள். நான் அவரைப் பார்த்து, இஞ்ஞாசியைப் பார் என்று தாடையால் காட்டினேன். மாஸ்டர் இந்தப் பக்கம் திரும்பி, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அந்தக் கையை இஞ்ஞாசிக்கு நீட்டினார்.

இஞ்ஞாசி தடிக்கம்பியைத் திறந்து மீட்டினான். அது ஜெனிட்டோவின் பீரோவில், அவன் கலியாணச் சட்டைக்கும் மெற்றில்டாவின் பட்டுச்சேலைக்கும் நடுவிலிருந்து கிளம்பி, என் மைக்கில் ஏறி, நானூறு அடி ஒயரில் வந்து, கோயிலிலும் முற்றத்திலும் கடற்கரை வரைக்கும் கட்டியிருந்த அத்தனை ஒலிபெருக்கியிலும் ஒரே நேரத்தில் இறங்கியது. வேறு எந்த வாத்தியமும் இல்லை, அது மட்டும்தான். மரப்பெஞ்சுகளின் வழியாக எல்லார் முதுகிலும் ஏறியது. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அந்த ஒரு சத்தத்தின்மேல் பாடகர் குழு முழுக்கக் குரலை வைத்தது, பிறகு ஜனம் முழுக்க வைத்தது, இஞ்ஞாசியின் நாலு அண்ணன்மாரும் வாயை மூடிக்கொண்டு தம்பியைப் பார்த்தார்கள். அவன் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை காலியாக இல்லை. எனக்கும் அதே கதிதான், நானும் மிக்ஸரை விட முடியவில்லை.

பூசை முடிந்து அத்தனை பேரும் ஜெனிட்டோ வீட்டுக்குப் போனோம். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன, இன்னும் பீரோவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். முடிந்தது என்று மெற்றில்டா சொல்லியும் விடவில்லையாம். இஞ்ஞாசி போய் அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கதவிலிருந்து எடுத்துவிட்டான். ஜெனிட்டோ அவனைப் பார்த்துவிட்டு, எங்களிடம் திரும்பிச் சொன்னான்.

"இத எடது கையால வாசிச்சிரலாம்னு நெனச்சேன் பாத்தியளா. ரெண்டு கையாலயும் புடிச்சேன், அடங்கலியே."